இயந்திரம் நின்ற பிறகு

"இயந்திரக் கோளாறு காரணமாக விமானம் விழுந்து நொறுங்கியது." முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில் இந்த வாக்கியம் எத்தனை முறை என் மேசையைக் கடந்து போயிருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடமிருந்து வரும், மொழிபெயர்க்கப்படும், அச்சேறும். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. குறை இருப்பது இயற்பியலில். இயந்திரம் நின்றுவிட்டது என்பதற்காக எந்த விமானமும் கல்லைப் போல விழுவதில்லை. அப்படி விழுந்ததாகச் செய்தி வந்தால், இயந்திரம் நின்றதற்கும் விழுந்ததற்கும் இடையில் வேறொன்று நடந்திருக்கிறது என்று பொருள். அந்த 'வேறொன்று'தான் உண்மையான செய்தி. அதைத்தான் நாம் எழுதுவதில்லை.

மலைநாட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ரம்பொடை இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற மரக்கறி லொறிகளை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே இறக்கம்தான் எஞ்சின். விமானமும் அப்படியே. இறக்கைக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தன் மேல் காற்று போதிய வேகத்தில் ஓடுகிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த வேகத்தை இயந்திரம் கொடுக்கலாம்; இல்லையென்றால் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து விமானி கொடுக்கலாம். உயரம் என்பது சேமிப்புக் கணக்கு. வருமானம் நின்றதும் மனிதன் அன்றே செத்துப்போவதில்லை. கையிருப்பு தீருமுன் எங்கே போய்ச் சேருகிறான் என்பதுதான் கேள்வி.

எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தூரம் என்பதைச் சறுக்கு விகிதம் என்று சொல்லலாம். பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் செஸ்னா 172 விமானத்துக்கு அது ஏறத்தாழ 9. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இயந்திரம் நின்றால், அமைதியான காற்றில் ஒன்பது கிலோமீட்டர் போகலாம். இயந்திரமே இல்லாத போட்டிக் கிளைடர்கள் 40, 50 என்று போகும். பெரிய பயணிகள் விமானங்கள் செஸ்னாவை விட நன்றாகச் சறுக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2001 ஆகஸ்ட் 24 அன்று அத்லாந்திக் சமுத்திரத்தின் மேல் எரிபொருள் கசிந்து இரண்டு இயந்திரங்களும் அணைந்த ஏர் டிரான்சாட் விமானம், 306 பேருடன் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சறுக்கி, அசோரஸ் தீவில் இறங்கியது. எல்லோரும் பிழைத்தார்கள். 1983 ஜூலை 23 அன்று கனடாவில், கிலோகிராமையும் இறாத்தலையும் குழப்பிக்கொண்டு பாதி எரிபொருளுடன் புறப்பட்ட போயிங் 767, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் ஓசையில்லாமல் வந்து இறங்கியது. அதன் தலைமை விமானி ரொபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டிப் பழகியவர். பொழுதுபோக்கும் சில வேளை உயிர் காக்கும்.

இதெல்லாம் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். கந்தப்பளையில் என்னுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இப்போது கனடாவில் இருக்கிறான். எட்டு ஆண்டுகளாகத் தன் வீட்டுக் கராஜில் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தான். கேலி இல்லை. அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் 1973 முதல் இத்தகைய விமானங்களுக்கான பாகங்களைத் தொகுதி தொகுதியாக விற்று வருகிறது. அலுமினியத் தகடுகளை நாமே துளையிட்டு, தறையாணி அடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய ஆர்.வி. ரகத்தில் மட்டும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவை இதுவரை பறந்திருக்கின்றன. என் தோழனுடையதும் அந்த ரகமே.

எங்களுக்கு விமானம் புதிதல்ல. பழைய தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தில் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துச் சுருட்டிக் கடதாசி விமானத்தின் மூக்கில் செருகினால் விமானம் தலைகுப்புற விழாமல், மேலே எழும்பித் தடுமாறாமல், ஒரே சீராகக் கீழ்மலை வரை போகும் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான். பாரம் எங்கே இருக்க வேண்டும் என்ற அறிவு அது. அந்த விமானத்துக்கும் இயந்திரம் கிடையாது.

கட்டி முடித்து, பரிசோதகர் பார்த்து, முதல் பறப்புக்குத் தேதி குறித்த நாளில் அவன் மனைவி என்னை அழைத்தார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக்காரர்.

"அண்ணே, நீங்க சொன்னா கேப்பாரு. எஞ்சின் நின்னு போச்சுன்னா என்னா செய்வாரு? அந்த மலையில விழுந்தத பாத்த ஊரு அண்ணே நாங்க."

எந்த மலை என்று மலையகத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கிப் பின் ஜித்தா போகவிருந்த மார்ட்டினேர் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம், சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருவர்கூடத் தப்பவில்லை. இலங்கையின் வான்பயண வரலாற்றில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை இல்லை. அந்த அம்மாவின் தகப்பனார் மறுநாள் மலையேறியவர்களில் ஒருவர். அந்த விமானத்தின் டயர் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: அந்த விமானத்தின் நான்கு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. எதுவும் நிற்கவில்லை. விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் என்று எண்ணி, உண்மையில் மலைகள் இன்னும் முன்னால் இருக்கும்போதே உயரத்தைக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். பிழைத்தது இயந்திரமல்ல, உயரத்தையும் தூரத்தையும் இணைக்கும் கணக்கு. அதே கணக்கைச் சரியாகப் போடுகிறவன் இயந்திரம் இல்லாமலும் இறங்கிவிடுவான். அவர் சமாதானமானாரா என்று தெரியவில்லை. "அப்போ அந்தக் கணக்க அவருட்ட கேளுங்க அண்ணே" என்றார்.

கேட்டேன்.

"பன்னிரண்டு மச்சான்" என்றான். எங்கிருந்து வந்தது இந்தப் பன்னிரண்டு? யாரோ சொன்னார்கள், யாரோ எழுதியிருந்தார்கள். வீட்டில் கட்டும் விமானங்களில் உள்ள சிக்கல் இதுவே. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த செஸ்னாவுக்கு அளந்து எழுதிய கைநூல் உண்டு. வீட்டில் கட்டியது ஒவ்வொன்றும் ஒரு தனிப் பிறவி. சக்கரத்துக்கு மூடி போட்டானா, இல்லையா. எந்தச் சுழலியைப் பூட்டினான். கதவு இடுக்கில் காற்றுப் புகுகிறதா. இவை ஒவ்வொன்றும் விகிதத்தை மாற்றும். அண்ணன் விமானத்தின் எண் தம்பி விமானத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. பயிற்சியில் இயந்திரத்தை அணைப்பதில்லை. விசையைக் குறைத்து வைத்துக்கொண்டு "நின்றுவிட்டது" என்று பாவனை செய்வார்கள். அப்போதும் சுழலி கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கலாம். உண்மையாகவே நின்றால் நிலைமை வேறு. காற்று அந்தச் சுழலியைக் காற்றாடியாகச் சுழற்றும். அதற்கான ஆற்றல் விமானத்தின் உயரத்திலிருந்துதான் எடுக்கப்படும். சுழலி அடியோடு நின்றுவிட்டால் இழுவை பெரும்பாலும் குறைவு, ஓடாத இயந்திரத்தைக் காற்றுச் சுழற்றிக்கொண்டிருந்தால் கூடுதல். சாதாரண அறிவுக்கு நேர்மாறாகத் தோன்றும் இந்த உண்மையை விளங்கிக்கொள்ள எனக்கே இரண்டு நாள் பிடித்தது.

இலங்கையில் இப்படிக் கட்டிப் பறந்தவர் இல்லையா என்றால், இருந்தார். ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து 2010இல் மறைந்தவர். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு ஓட்டியவர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். இத்தனைக்கும் நடுவில் சிறு விமானங்களையும் ஆட்டோகைரோ எனப்படும் சுழலிறக்கை ஊர்திகளையும் தாமே வடிவமைத்துக் கட்டித் தாமே ஓட்டினார். மலைச்சரிவில் மண் கரைந்து போவதைத் தடுக்கக் கிளிரிசிடியா வேலிகளை நடும்படி விடாமல் பேசியவரும் இவரே. மலையகத்தில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சிலரே என்பது எனக்கு எப்போதும் ஒரு குறை.

அவர் விரும்பிக் கட்டிய ஆட்டோகைரோவின் சறுக்கு விகிதம் மூன்று, நான்கு அளவில்தான் இருக்கும். பார்த்தால் செங்கல் விழுவது போல. ஆனால் இயந்திரம் நின்றாலும் மேலே உள்ள இறக்கை காற்றாலேயே சுழன்றுகொண்டிருக்கும். இறங்கும்போது சில மீட்டர் தூரம் ஓடி நின்றுவிடும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எவ்வளவு தூரம் போகும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு மெதுவாகத் தரையைத் தொடும் என்று கேட்பதில்லை. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வேலியில் மோதுவதற்கும் 90இல் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்கு. குறைந்த தூரமே சறுக்கும் ஊர்தி, மிக மெதுவாக இறங்குமானால், மரக்கறிப் பாத்தியிலும் ஆளை உயிரோடு விடும்.

கேரளத்தின் தொடுபுழைப் பக்கத்தைச் சேர்ந்த சஜி தோமஸ் கட்டியதும் அத்தகைய மெல்லிய ரகமே. காது கேளாத, வாய் பேசாத மனிதர். ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகொப்டரைச் சிறுவயதில் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம். அவருடைய விமானம் 2014இல் தமிழ்நாட்டின் மணிமுத்தாறில், ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரின் கையில் பறந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வானத்துக்கும் ஏதோ ஓர் உறவு இருக்கத்தான் செய்கிறது.

சரி, அந்த 'வேறொன்று' என்ன? இயந்திரம் நின்ற கணத்தில் மனிதனின் கை செய்ய விரும்புவது மூக்கை மேலே தூக்குவது. தரை நெருங்குகிறதே என்ற பயம். தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஓர் எல்லைக்குப் பிறகு இறக்கையின் மேல் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும். அதன் பிறகு அது விமானம் அல்ல, தகரம். எனவே பயத்துக்கு எதிராக மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டும், அதுவும் உடனே. பாரமும் வேகமும் உள்ள விமானம் சில விநாடி அவகாசம் தரும். இழுவை மிகுந்த சிறு ஊர்தி, ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால், ஒன்றிரண்டு விநாடிக்கு மேல் தராது. புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை அதைவிடக் கொடியது. 45 பாகை சாய்ந்து திரும்பும்போது, விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. வேகம் குறைந்துகொண்டு வரும் நேரத்தில் தேவை கூடினால் என்ன ஆகும்?

பாடகர் ஜோன் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மொன்டரே வளைகுடாவில் விழுந்து இறந்தது வீட்டில் கட்டிய லோங் ஈசி விமானத்தில். அவர் கட்டியதல்ல, வாங்கியது. எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடியை, அதைக் கட்டியவர் மூல வடிவமைப்பிலிருந்து விலகி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு தாங்கி தீர்ந்தது. டென்வர் உடம்பைத் திருப்பிப் பிடியை எட்ட முயன்றபோது கால் தன்னையறியாமல் வலது பக்க சுக்கான் மிதியை அழுத்தியிருக்கிறது. சில நூறு அடி உயரம், மீள இடமில்லை. இயந்திரம் நின்றது ஆரம்பம் மட்டுமே. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வும் வீட்டு விமானங்களின் விபத்துக்களில் இயந்திரச் செயலிழப்பையும் கட்டுப்பாட்டை இழப்பதையுமே முதன்மையாகக் காட்டியது. 2011இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து வேறொருவர் வாங்கியவை.

என் தோழன் முதற்பறப்பை முடித்தான். அமெரிக்காவில் இத்தகைய விமானத்தை முதலில் 25 அல்லது 40 மணி நேரம் ஒதுக்குப்புறமாகத் தனியே பறந்து சோதிப்பது நீண்டகால வழக்கம். கனடாவிலும் அதையொத்த கட்டுப்பாடு உண்டு. அந்தச் சோதனைக் காலத்தில் ஒரு காலை, விமானத் தளத்துக்கு நேர் மேலே ஏறி, விசையைக் குறைத்து, மணிக்கு 130 கிலோமீட்டரில் நிலைநிறுத்தி, 3,000 அடி இறங்க எவ்வளவு நேரம் என்று அளந்தான். 4 நிமிடம் 20 விநாடி. விகிதம் 10.3. இன்னொரு நாள், அதைவிட உயரத்திலிருந்து, இயந்திரத்தை உண்மையாகவே அணைத்து, காற்று சுழலியைச் சுழற்றிக்கொண்டிருக்க, மறுபடியும் அளந்தான். 3 நிமிடம் 50 விநாடி. விகிதம் 9.1.

பன்னிரண்டு எங்கே, ஒன்பது எங்கே? நான்கில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. ஏரியைத் தாண்டிவிடலாம் என்று பன்னிரண்டை நம்பி நீட்டியிருந்தால் ஏரிக்குள்தான் இறங்கியிருப்பான். சோதனை முடிந்ததும் அவன் மனைவிக்கு முதலில் சொன்ன செய்தி அந்த எண்தான் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு அவனுக்கு வேறோர் ஆசை. என்றாவது ஒரு நாள் இத்தகைய விமானத்தில் கந்தப்பளைக்கு மேல் ஒரு சுற்று. அதற்கும் கணக்குப் போட்டேன், தொழில் புத்தி. கந்தப்பளை கடல் மட்டத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் அடி மேலே. அதற்கும் மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் நிற்கிறது. நிற்கக் காரணமும் உண்டு: கார்புரேட்டர் உள்ள இயந்திரமென்றால், ஈரப்பதம் மிகுந்த, 10 முதல் 20 பாகைக் குளிரில், பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது பாகைக்கும் மேல் குறைந்து பனிக்கட்டி கட்டி மூச்சை அடைக்கும். கந்தப்பளையின் மூடுபனிக் காலை இதற்கென்றே செய்தது போன்றது.

விகிதம் ஒன்பது. ஒன்பது கிலோமீட்டர், நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் அதற்குள் அடங்கும். ஆனால் அது தென்மேற்குப் பருவக்காற்றின் காலமென்றால், திடலை நோக்கிப் போவது காற்றை எதிர்த்துப் போவது. மணிக்கு 35 கிலோமீட்டர் எதிர்காற்று. அதோடு மலை முகட்டைத் தாண்டி நம் பக்கம் வழிகிற காற்று, விமானத்தையும் சேர்த்து விநாடிக்கு இரண்டு மீட்டர் கீழே அமுக்கும். இப்போது தூரம் நாலரைக் கிலோமீட்டர்கூட இல்லை. நேரம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. நடுவில் ஒரு முகடு. போக முடியாது. காற்றைப் பின்னால் விட்டு இராகலைப் பக்கம் திரும்பினால் தூரம் கூடும், பள்ளமும் விரியும். இறங்கச் சமதரை வேண்டுமே.

தேயிலை மலையில் இறங்கலாமா? தூரத்துப் பார்வைக்கு பச்சைக் கம்பளம். கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கட்டைகள் எப்படிப்பட்டவை என்று. குறுக்கே கான், நடுவில் நிழல் மரங்கள். இறங்கியே ஆகவேண்டுமென்றால் சரிவில் மேல்நோக்கித்தான் இறங்க வேண்டும். இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், கருவி அதே வேகத்தைக் காட்டினாலும் உண்மையான வேகம் பத்து வீதம் கூடுதல். மோதலின் ஆற்றல் இருபது வீதம். உருளைக்கிழங்குப் பாத்திகள் மிருதுவானவை, ஆனால் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கல்லணை. 2021 டிசம்பரில் இலங்கையில் ஒரு சிறு செஸ்னா பயாகலைக் கடற்கரையில் அவசரமாக இறங்கியது. கரையோரத்தில் கடற்கரை இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது?

இதையெல்லாம் எழுதி அவனுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரே ஒரு வரி: "நம்ம பள்ளிக்கூட மைதானம் எத்தனை மீட்டர் மச்சான்?"

போன ஞாயிற்றுக்கிழமை போய்க் காலால் அளந்தேன். நீளவாட்டில் நூற்றுப் பத்து எட்டு. அவன் விமானம் ஓடி நிற்க நூற்றைம்பது மீட்டராவது வேண்டும். ஒரு முனையில் வலைப்பந்துக் கம்பம், மறுமுனையில் கொழுந்து மடுவம். அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். மடுவத்தின் கூரை புதுத் தகரம் என்பதையும் சேர்த்து.